கையில் மூன்றரை லட்சம், பாதி எழுதிய நாவல்: வெளிநாட்டில் எங்கே தங்கி எழுதலாம்?

உப்புக்காற்று (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆடி பிறக்கும்போது வேலையை விடுகிறேன், கடிதம் கொடுத்தாகிவிட்டது. எங்கள் ஆச்சியும் பெரியம்மாக்களும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினால், போன வாரம் எந்த இடத்தில் விட்டோம் என்று பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. தொடர்ந்து ஆறு மாதம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அது போக எழுத்துக்கென்று மூன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. முதலில் சியாங் மாய் பற்றித்தான் நிறையப் படித்தேன். நீண்ட நாள் தங்குவோருக்காகத் தாய்லாந்து 2024-இல் கொண்டுவந்த டி.டி.வி. விசாவுக்கு ஐந்து லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும் என்றதும் அந்த ஊரை விட்டுவிட்டேன். இப்போது மனதில் இருப்பவை மூன்று: மலேசியாவில் பினாங்கு, வியட்நாமில் டா நாங், நேபாளத்தில் பொக்காரா.

தங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பணம் எங்கே அதிக நாள் நிற்கும்? தனியாகப் போகும் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்களா? எழுத முடிந்ததா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

தேரிக்காடு

வாழ்த்துகள் தங்கச்சி. ஆனால் வெளிநாடு எதற்கு? கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ ஊருக்கு வெளியே ஓர் அறை எடுத்தால் குளிர் இருக்கிறது, அமைதி இருக்கிறது, மொழிப் பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு ஒன்று என்றால் ராத்திரி பஸ் ஏறிக் காலையில் வந்துவிடலாம். ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

பினாங்குத் தமிழன்

வணக்கம் சகோதரி. பினாங்கில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிடத்தான் ஆசை. காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுப் பசியாற ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போதும். எங்கள் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றிவர கேட் பஸ் இலவசம். லிட்டில் இந்தியாவில் நடந்தால் காது முழுக்கத் தமிழ். தமிழில் எழுதுகிறவருக்கு அது பெரிய விஷயம். கடைக்காரரும் கோயில் ஐயரும் நாசி கண்டார் கடைக்கு வருகிறவரும் வேறு வேறு தமிழ் பேசுவார்கள்.

வாடகைதான் கொஞ்சம் இடிக்கும். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதிகளாகின, நடு ஊரில் வாடகை ஏறிப்போனது. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கம் ஒரு வீட்டில் ஓர் அறை மட்டும் என்றால் 600, 700 வெள்ளிக்குப் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் தேவைக்கு எங்கள் ஊர் ஒத்துவராது என்றே நினைக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் முதல் விசா வேண்டாம் என்றாலும் ஒரு தடவைக்கு 30 நாள்தான். முப்பதாவது நாள் தாய்லாந்துப் பக்கம் ஹாட் யாய்க்குப் போய் மறுநாள் திரும்புகிறவர்கள் உண்டு. மூன்றாவது, நான்காவது முறை வரும்போது குடிநுழைவு அதிகாரி கேள்வி கேட்பார், திருப்பி அனுப்பவும் அவருக்கு உரிமை இருக்கிறது. இணையவழி வேலை செய்கிறவர்கள் நீண்ட நாள் தங்க டி ராந்தாவ் என்று ஓர் அனுமதி இருக்கிறது. தொழில்நுட்ப வேலை செய்கிறவர்களே அதற்கு ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும். வேலையை விட்டுவிட்டு எழுத வருகிறவருக்கு அது சரிப்படாது.

வேறு எங்காவது எழுதி முடித்துவிட்டு, திருத்துவதற்கு ஒரு மாதம் இங்கே வாருங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆள் கிடைக்கும்.

நொய்யல்

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது.

நான் கோவைக்காரி, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது தொழில். பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் புரட்டாசி வாக்கில் பொக்காரா போய், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவேன். என் சொந்தக் கதைகளில் பாதிக்கு மேல் அங்கே எழுதியவைதான்.

முதலில் தேரிக்காடு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் நல்ல ஊர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வேலையை விட்ட ஒரு பெண் தமிழ்நாட்டுக்குள் எங்கே இருந்தாலும் அவள் "சும்மா இருக்கிறவள்". காதுகுத்துக்கு வரவேண்டும். சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றால் முதல் போன் அவளுக்குத்தான் வரும். ராத்திரி பஸ்ஸில் வந்துவிடலாம் என்று நீங்கள் அனுகூலமாகச் சொன்னதுதான் எழுதுகிறவளுக்குப் பெரிய இடைஞ்சல். வெளிநாடு போய்விட்டாள் என்று தெரிந்தால் சொந்தபந்தங்கள் அவளை விட்டுவிட்டு மற்ற ஏற்பாட்டைப் பார்ப்பார்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எல்லை தாண்டிப் போகச் சொல்கிறேன்.

அடுத்தது விசா. வாடகை எங்கே குறைவு என்று பார்ப்பதைவிட, எந்த ஊர் உங்களை எழுந்து போகச் சொல்லாது என்று பாருங்கள். நாவல் எழுதும்போது விசா முடியும் தேதி தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். டிக்கெட் பார்ப்பது, படிவம் நிரப்புவது, திரும்ப உள்ளே விடுவார்களா என்ற பயம் எல்லாம் சேர்த்து முன்னும் பின்னும் ஒரு வாரம் போய்விடும். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்தில் அந்தத் தேதியே கிடையாது. 1950-ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் தங்கவும் தொழில் செய்யவும் போய்வரவும் பரஸ்பரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். விசா இல்லை, ஸ்டாம்ப் இல்லை. ஆறு மாதம் போதாது, எட்டு மாதம் வேண்டும் என்று தோன்றினால் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னால் போதும்.

பணக் கணக்கு கேட்டிருந்தீர்கள். நம் நூறு ரூபாய் நேபாள ரூபாயில் 160. 1993 முதல் இதே விகிதம்தான், தினமும் ஏறுமா இறங்குமா என்று பார்க்க வேண்டியதில்லை. லேக்சைடு என்கிற ஏரிக்கரைப் பகுதியின் நடுவில் எல்லாம் சுற்றுலா விலை. அங்கிருந்து வடக்கே கஹரே, சேதி, பாமே என்று ஏரியோரமாகப் போகப் போக விலை இறங்கும். சமையலறையோடு ஓர் அறை நேபாளப் பணத்தில் 14,000 முதல் 18,000-க்குள் எடுக்கலாம். உள்ளூர் ஆட்கள் சாப்பிடும் கடையில் தால் பாத் 200 ரூபாய் அளவில் இருக்கும். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய் எல்லாம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். நீங்கள் மீன் சாப்பிடுகிறவராக இருந்தால் ஏரி மீன் வறுவல் தனியாகக் கிடைக்கும். தூத்துக்குடி நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும். மின்சாரம், இணையம், பஸ், தேநீர், மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 45,000 நேபாள ரூபாயில் சிக்கனமாக, ஆனால் வயிறு வாடாமல் இருக்கலாம். நம் பணத்தில் சுமார் 28,000. உங்களிடம் இருப்பதில் போக்குவரத்துக்கும் அவசரத்துக்கும் ஒதுக்கிவிட்டாலும் பத்து மாதம் ஓட்டலாம். ஆறு மாதத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று உங்களை நீங்களே விரட்ட வேண்டியதில்லை.

எழுத முடிந்ததா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். நேபாளக் குடும்பங்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கே முழுச் சாப்பாடு. மதியம் காஜா என்று கொஞ்சம் அவலோ நூடுல்ஸோ சாப்பிடுவார்கள். இரவு ஏழுக்கு மறுபடி சோறு. எனக்கு இது எழுத்துக்கென்றே அமைந்த நேரக்கணக்காகத் தெரிந்தது. விடியும் முன் எழுந்து ஒரு கருப்புத் தேநீரோடு உட்கார்ந்தால் பத்து மணி வரை நமக்கும் எழுத்துக்கும் நடுவில் எதுவும் வராது. பசி எடுக்கும்போது அன்றைய வேலை முடிந்திருக்கும். சமையலுக்காக நடுவில் எழுந்து போகும் வழக்கத்தை உடைத்துக் கொடுத்தது அந்த ஊர்தான். மழைக்காலம் கழிந்தால் காலை வேளைகளில் மச்சாபுச்சரே சிகரம் நேர் எதிரே துலக்கமாக நிற்கும், 6,993 மீட்டர். பெரும்பாலும் பத்து மணிக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும். சாப்பிட்டுவிட்டு ஏரியோரமாக நடக்கும்போது அடுத்த நாளைக்கான வரிகள் தானாக வரும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொக்காரா இருப்பது சுமார் 820 மீட்டர் உயரத்தில்தான், எனவே மார்கழியிலும் ஒரு ஸ்வெட்டரும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையும் போதும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை நாம் பார்த்திராத மழை. பக்கத்திலிருக்கும் லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும், மலைச் சாலையில் மண் சரியும். பங்குனி, சித்திரையில் காட்டுத்தீப் புகை வந்து மலைகளை மறைத்துவிடும், தொண்டை கரகரக்கும். ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்கள்தான் அங்கே தங்கம்.

உங்கள் நாவலுக்கும் அது பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் இல்லையா? அதற்கு முன்னால், ஆடியிலும் ஆவணியிலும் பாத்திகளில் உப்பு வாரும்போதே போய் நின்று பாருங்கள். அம்பாரத்துக்குப் பக்கத்தில் எத்தனை மணிக்குக் கண் கூசத் தொடங்குகிறது, காலில் புண் எங்கே வருகிறது, குடிதண்ணீரை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு மழைக்கு முன்னால் கிளம்புங்கள். வெயிலைப் பற்றிக் குளிரில் உட்கார்ந்து எழுதுவது நல்லது. உடம்பில் இல்லாத வெயிலைச் சொல்லால்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

வழி கேட்பீர்கள். விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம். பதினைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரிடம் ஆதாரை ஏற்க மாட்டார்கள். நான் ரயிலில்தான் போவேன். கோவை, ஈரோடு, சேலம் வழியாகப் போகும் ராப்திசாகர் நேரே கோரக்பூரில் கொண்டுவிடும். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம், சுனௌலி. எல்லையில் இருக்கும் நுழைவு வளைவைத் தாண்டி நடந்தால் நேபாளம். பைரஹவா வந்து, தான்சேன் வழியாக மலைச் சாலையில் ஒரு பகல் முழுக்கப் பயணம். அலுப்பான வழிதான். ஆனால் பொக்காரா போய்ச் சேரும்போது பழைய வேலையின் நினைப்பு பாதி கழன்றிருக்கும்.

ஹான் ஆற்றங்கரை

டா நாங் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக. நான் இங்கே ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் மின்விசா 2023 ஆகஸ்ட் முதல் கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர். தொடர்ந்து மூன்று மாதம் இருக்கலாம், அப்புறம் வெளியே போய்ப் புது விசாவில் வர வேண்டும். கடலுக்கு இரண்டு தெரு தள்ளிச் சின்ன ஸ்டூடியோ வீடு 60 லட்சம் டோங், நம் பணத்தில் சுமார் 20,000. வாடகைக்கு விடுகிறவர் உங்கள் பெயரைப் போலீசில் பதிந்துவிட வேண்டும். அதைச் செய்ய மறுக்கிறவரிடம் வீடு எடுக்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் இங்கே கனமழை, பக்கத்து ஊரான ஹோய் ஆனில் தெருவுக்குள் ஆறு வந்துவிடும். பிப்ரவரியிலிருந்து மே வரை மிக நல்ல காலம். பாதி நாவல் முடிந்த பிறகு மூன்று மாதம் கடலோரம் வேண்டும் என்றால் இங்கே வரலாம். ஆனால் நொய்யல் அவர்கள் சொன்ன விசாக் கணக்கு சரியானது.

உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. நொய்யல் அக்கா, நீங்கள் "உப்பு வாரும்போதே போய் நின்று பாருங்கள்" என்றதும் இன்று மாலையே பெரியம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். தேரிக்காடு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கும் பொக்காரா என்றே மனது சாய்கிறது.

இன்னும் மூன்று சந்தேகம். எனக்கு இந்தி வராது, சமாளிக்க முடியுமா? தனியாக இருப்பதில் பயம் உண்டா? பினாங்கு சகோதரர் சொன்னது மனதில் நிற்கிறது: மாதக்கணக்கில் தமிழே காதில் விழாமல் இருந்தால் உரையாடல் வறண்டு போகாதா? என் நாவலில் பாதி பேச்சுதான்.

நொய்யல்

ஏரிக்கரையில் ஆங்கிலம் போதும். வீட்டுக்காரர்களிடமும் காய்கறிக் கடையிலும் பத்துப் பதினைந்து நேபாளிச் சொல் இருந்தால் நாள் ஓடிவிடும், சீக்கிரம் வந்துவிடும். பயம் என்று கேட்டால், மாடி அறையாகவும் கீழே குடும்பம் இருப்பதாகவும் பாருங்கள். பொக்காராவில் அப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம். முதல் வாரம் விடுதியில் தங்கி, பகலில் நடந்து போய் வீடு தேடுங்கள். இணையத்தில் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். இருட்டிய பிறகு பாமே பக்கம் தெருவிளக்கு குறைவு, நாய்கள் கூட்டமாக நிற்கும். சாயங்காலமே அறைக்கு வந்துவிடுங்கள். வாடகையை அவர்கள் நேபாள நாட்காட்டியின் மாதக் கணக்கில் கேட்பார்கள். அவர்களுடைய முதல் மாதமான பைசாக்கும் நம் சித்திரையும் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ பிறக்கும். எனவே நம் வீட்டுக் காலண்டரில் மாதப் பிறப்பைப் பார்த்தாலே வாடகை நாள் தெரிந்துவிடும்.

தமிழ் பற்றி நானும் நிறைய யோசித்திருக்கிறேன். பினாங்குத் தம்பி சொல்வது திருத்தும்போது பொருந்தும், அதற்கு ஒரு மாதம் அங்கே போவது நல்ல யோசனை. ஆனால் முதல் வரைவு எழுதும்போது வேறு மாதிரி நடக்கிறது. பகல் முழுக்கத் தமிழ் கேட்காமல் இருந்தால் டிவி தமிழும் வாட்ஸாப் தமிழும் மெல்ல மெல்ல அடங்கிவிடுகின்றன. மிஞ்சுவது சின்ன வயதில் கேட்ட தமிழ். என் பாட்டி பேசிய சொற்கள், கோவையில் இருந்தபோது ஞாபகத்துக்கே வராதவை, அங்கே ஒவ்வொன்றாக வந்தன. உங்கள் பாத்திரங்கள் ஆச்சியின் வயதுக்காரர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியதும் அந்தத் தமிழ்தானே.

போவதற்கு முன் பெரியம்மாக்களை உட்கார வைத்து, அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேள்வி கேட்டு வாங்காமல் அவர்களை ஒருவருக்கொருவர் பேசவிடுங்கள். அதிலிருந்து தினமும் கொஞ்சம் கேட்டுவிட்டு எழுத உட்காரலாம். பழைய நூல் ஏதாவது தேவைப்பட்டால் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அங்கிருந்தே கிடைக்கும்.

பண விஷயத்தில் இன்னும் சில. நேபாளப் பயணத்துக்கு என்று இங்கே டாலர் மாற்றித் தர மாட்டார்கள், விதியிலேயே இடமில்லை. நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட நோட்டுகளுக்கான விதி மாறிக்கொண்டிருப்பதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துவிடுங்கள். 2024 மார்ச்சிலிருந்து ஃபோன்பே (Fonepay, நம் ஊர் PhonePe அல்ல) க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கும் நேபாளக் கடைகளில் நம் யு.பி.ஐ. மூலமும் கொடுக்கலாம். எல்லாக் கடையிலும் வேலை செய்யும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கிருக்கும்போதே இயக்கிவிடுங்கள். ஓ.டி.பி. வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மில் ரோமிங் இருக்கட்டும். பேச நேபாள சிம் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் நம் நவராத்திரி சமயத்தில் வரும். அந்த நாட்களில் கடைகள் பாதி மூடியிருக்கும், வீட்டுக்காரர்களும் சொந்த ஊர் போய்விடுவார்கள், வீடு காட்ட ஆள் இருக்காது. அது முடிந்ததும் மலையேற வருகிற கூட்டம் வந்து அறை விலையை ஏற்றிவிடும். எனவே ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதல் வாரத்திலோ போய்ச் சேருங்கள். மழை இன்னும் முழுசாக விட்டிருக்காது, குடை எடுத்துப் போங்கள். கோரக்பூர் டிக்கெட்டை இப்போதே பாருங்கள், அந்த வண்டியில் இடம் கிடைப்பது கஷ்டம். கீழ்ப் படுக்கை கிடைத்தால் விடாதீர்கள்.